மணற்படுக்கையின் பணியாளர்

சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவை அடுத்த நாட்களில், தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள கடற்கரைப் பங்கு ஒன்றில் நமக்கு நெடுநாள் அறிமுகமான குடும்பத்தினரைக் காணச் சென்றிருந்தோம். வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் அவ்வீட்டின் மூத்த மகன் விடுமுறையில் வந்திருந்தார். தம் அறையில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்துக் கடல்நீர் நிரப்பி, பவள உயிர்களையும் வண்ண மீன்களையும் வளர்த்து வருவதாகக் கூறி, கைப்பேசியிலிருந்த படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். படங்கள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் அவர் முகத்தில் ஒரு வாட்டம் இருந்தது.

தொட்டியின் அடியில் பரப்பிய வெண்மணல் சில திங்களிலேயே பழுப்பேறி விட்டதாம். வாங்கிய கடையில் கேட்டபோது, மணலைத் துப்புரவு செய்யும் உயிர்கள் என்று ஒரு தொகுதியைக் கொடுத்தார்களாம். நத்தைகள் சில, நண்டுகள் சில, மணலைச் சலிக்கும் நட்சத்திர மீன் ஒன்று, கடல் அட்டை ஒன்று. மணல் தூய்மையாயிற்று. ஆனால் ஐந்தாம் திங்களில் நட்சத்திர மீனின் கைகள் சுருங்கி, நுனிகள் உதிர்ந்து, ஒரு காலையில் அது இறந்து கிடந்தது. நோயா, நீரின் கேடா என்று அறியாமல், "இன்னொன்று வாங்கலாமா?" என்று நம்மிடம் கேட்டார்.

அருகில் அமர்ந்து படத்தைப் பார்த்திருந்த அவருடைய தாயார், நாம் வாய் திறக்குமுன்னரே விடை கூறிவிட்டார். "ஏய்யா, இது கழுவிப் போட்ட மணலால்ல இருக்கு. அது எதைத் தின்னு உயிரோட இருக்கும்?"

அந்த அம்மையாரின் தந்தை சங்கும் அட்டையும் குளித்து வாழ்ந்தவர். நூலில் படித்த அறிவன்று அது. ஆயினும், இத்துறையில் பல்லாண்டு பழகியவர்கள் பல உயிர்களைப் பலிகொடுத்தபின் கற்றுக்கொண்ட பாடமும் அதுவே ஆகும். அதனை நம் வாசகக் குடும்பங்களுக்குச் சற்று விரிவாகக் கூற விரும்புகின்றோம். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போர் நம் பங்குகளில் சிலரே எனினும், வெளிநாடுகளில் பணிபுரியும் நம் பிள்ளைகள் பலரிடம் இப்பழக்கம் பரவி வருகின்றது. விலையும் சிறிதன்று.

நத்தையைக் கொண்டு தொட்டியைக் காக்கலாம் என்னும் கருத்து புதியதன்று. இலண்டனில் வாழ்ந்த இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார் 1849-இல் ஒரு சோதனை செய்தார். கண்ணாடிக் கலத்தில் நன்னீர் நிரப்பி, இரண்டு சிறு பொன்மீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்ப்பூண்டையும் அதில் வைத்தார். மீன் வெளிவிடும் கரிவளியைப் பூண்டு ஏற்று, மீனுக்கு வேண்டிய உயிர்வளியைக் கொடுக்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் பூண்டின் முதிர்ந்த இலைகள் அழுகி, நீர் கலங்கி, கண்ணாடி முழுவதும் பாசி படர்ந்தது. பின்னர்க் குளத்து நத்தைகள் சிலவற்றை அவர் உள்ளே விட்டார். அவை அழுகிய இலைகளைத் தின்றன, கலம் தெளிந்தது. நத்தைகள் இட்ட முட்டைகளோ மீன்களுக்கு இரையாயின. 1850-இல் அவர் இதனைக் கட்டுரையாக வெளியிட்டார். வீட்டுத் தொட்டிக் கலையின் தொடக்கங்களுள் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகின்றது.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. வாரிங்டன் முதலில் அழுகும் இலையைக் கண்டார். அதன் பின்னரே அதனைத் தின்னும் உயிரைத் தேடினார். அதாவது, உணவு முன்னர் இருந்தது; உண்பவர் பின்னர் வந்தார். இன்றைய கடைகளிலோ இம்முறை தலைகீழாகிவிட்டது. "துப்புரவாளர்" என்று ஒரு பெயரைச் சூட்டி உயிர்களை விற்கின்றார்கள். அப்பெயரே நம்மை ஏமாற்றுகின்றது. துடைப்பத்திற்குப் பசி இல்லை. நத்தைக்குப் பசி உண்டு. மணலைத் தூய்மை செய்யவேண்டும் என்று எந்த உயிரும் மணலில் இறங்குவதில்லை. அங்கே இரை இருப்பதால் இறங்குகின்றது; அவ்வளவே. தொடக்கநூலில் ஆதாம் உயிர்களுக்குப் பெயரிட்டான் என்று வாசிக்கின்றோம். இன்னது இன்ன தன்மையது என்று அறிந்தன்றோ பெயரிட்டிருப்பான்!

இனி, மணல் ஏன் அழுக்காகின்றது என்பதைப் பார்ப்போம். மீன்களுக்கு இடும் உணவின் மிச்சம், மீன்களின் கழிவு, உதிரும் பாசி ஆகியவை அடியில் படிகின்றன. அவற்றை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அம்மோனியா தோன்றுகின்றது. வேறு நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டு அத்துணைக் கொடியதன்று; ஆனால் மிகுந்தால் பாசியை வளர்க்கும்; பவள உயிர்களை வாட்டும். நத்தை தின்னும் உணவுத் துணுக்கும் மாயமாய் மறைந்துவிடுவதில்லை. ஒரு பங்கு அதன் உடலாகின்றது. ஏனையது கழிவாக மீண்டும் நீரில் சேர்கின்றது. பெரிய துணுக்கைச் சிறியதாக்கி நுண்ணுயிரிடம் ஒப்படைப்பதே நத்தையின் பணி. எனவே தேவைக்கு மேல் உணவு கொட்டுகின்ற கைக்கு எந்த நத்தையும் மருந்தாகாது. உணவைக் குறைப்பதும், நீரின் ஒரு பகுதியை ஒழுங்காக மாற்றுவதும் வீட்டுக்காரரின் வேலைகள். அவற்றை உயிர்களின் தலையில் சுமத்தலாகாது.

மற்றொரு செய்தி. புதிதாய் அமைத்த தொட்டியில் முதல் சில வாரங்களில் மணலின்மேல் பழுப்புத் தூள் போல் படர்வது பெரும்பாலும் டயாட்டம் என்னும் நுண்பாசியே. அது வருவதும் இயல்பு. சில வாரங்களில் தானே மறைவதும் இயல்பு. அதனைக் கண்டு அஞ்சிக் கடைக்கு ஓடுவதால்தான் பாதிக் கேடு விளைகின்றது. சிவந்த வழவழப்பான போர்வை போல் படர்வது வேறு. அது சயனோ பாக்டீரியா என்னும் நுண்ணுயிரின் வேலை. அதனை விரும்பித் தின்னும் உயிர்கள் மிகச் சிலவே. நீரோட்டத்தைக் கூட்டியும் உணவைக் குறைத்தும்தான் அதனைப் போக்கவேண்டும்.

நம் இளைஞரின் நட்சத்திர மீனுக்கு வருவோம். மீன் என்று பெயரே தவிர அது மீன் இனத்தைச் சேர்ந்ததன்று. தொட்டிகளுக்கென்று விற்கப்படுவது அஸ்ட்ரோபெக்டன் என்னும் இனம். மணலுக்குள் புதைந்து ஊர்ந்து, அங்கே வாழும் சிறு புழுக்களையும், சிறு சிப்பி நத்தைகளையும், இறால் இனத்தைச் சேர்ந்த கடுகினும் சிறிய உயிர்களையும் முழுதாக விழுங்கி வாழ்வது அதன் இயல்பு. கடலின் அடியில் இரை குறைந்தால் அடுத்த இடத்திற்கு நகர்ந்துவிடும். நான்கடித் தொட்டியில் எங்கே நகரும்? சில திங்களில் மணலில் உள்ள உயிரையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, பின்னர் மெல்ல மெல்லப் பட்டினியால் தேயும். வெளியே பார்ப்பவருக்கு மணல் வெண்மையாய்த் தோன்றும். தூய்மை என்று மகிழ்வார். உண்மையில் அம்மணலைத் தூய்மையாய் வைத்திருந்த சிறு உயிர்கள்தாம் அழிந்தன. துப்புரவாளர் என்று வாங்கியது துப்புரவாளர்களைத் தின்றுவிட்டது! ஆகவே "இன்னொன்று வாங்கலாமா?" என்ற கேள்விக்கு, வேண்டா என்பதே நம் விடை. மிகப் பெரிய, பல்லாண்டு பழகிய தொட்டி உடையவர் மட்டுமே அதனை எண்ணிப் பார்க்கலாம்.

அங்ஙனமாயின் எவற்றை வாங்கலாம்? நத்தைகளிலிருந்து தொடங்குவது நல்லது. எல்லா நத்தையும் ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் தனித்த உணவும் தனித்த இடமும் உண்டு.

செரித் என்னும் நத்தை கோபுரம் போல் கூரிய ஓடு உடையது. பகலில் மணலிலும் கல்லிடுக்கிலும் ஒதுங்கியிருந்து, இரவில் வெளிப்பட்டு மேயும். மணலின்மேல் படிந்த பாசியையும் மக்கிய துணுக்குகளையும் ஒருங்கே தின்னும். பொறுமையான, எளிய உயிர். தொட்டிக் கண்ணாடியில் நூல் போல் வளைத்து முட்டையிடுவதும் உண்டு. நம்மைக் கேட்டால், மணலுக்கு முதலாவதாக வாங்கத் தக்கது இதுவே என்போம்.

நசாரியஸ் என்னும் நத்தையின் போக்கு வேறு. அது நாள் முழுவதும் மணலுக்குள் புதைந்திருக்கும். யானைத் துதிக்கை போன்ற ஒரு சிறு குழல் மட்டும் மணலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். நீரில் மீனுணவு விழுந்த சில நொடிகளில் மோப்பம் பிடித்து, நாலாபுறமும் மணலைப் பிளந்துகொண்டு அவை எழுந்து வருவதைக் காணவேண்டும். வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை இல்லை. ஆனால் இது பாசி தின்பதில்லை. ஊன் உணவே உண்ணும். மீன்கள் தவறவிட்ட துணுக்குகளும் இறந்த உயிர்களுமே அதன் இரை. அவை எழுவதும் புதைவதுமாய் இருப்பதால் மணலின் மேலடுக்கு கிளறப்படுகின்றது. அது தனிப் பயன். மீன் மிகுதியாக உள்ள தொட்டிக்கு ஏற்றது. மீனே இல்லாத பவளத் தொட்டியில் இதனை விட்டால், உணவிட மறந்தவர் கையில் அது பட்டினி கிடக்கும்.

மூன்றாவது, ஸ்ட்ராம்பஸ் இனச் சங்கு. ஆங்கிலேயர் இதற்குச் 'சண்டைச் சங்கு' என்று பெயரிட்டுள்ளனர். ஆண் சங்குகள் தம்முள் போரிடுவதால் வந்த பெயர். மற்ற உயிர்களோடு அது சண்டையிடுவதில்லை. புளோரிடாவிலிருந்தும் கரீபியக் கடலிலிருந்தும் வருவது. காம்பின் நுனியில் அமைந்த இரு கண்களால் இங்குமங்கும் பார்த்துக்கொண்டே, நீண்ட மூக்கினால் மணலின் மேற்பரப்பைத் துழாவிப் பாசியையும் படிவையும் உண்ணும். தன் காலின் நுனியிலுள்ள அரிவாள் போன்ற தகட்டை மணலில் ஊன்றித் தாவி நகரும். கவிழ்ந்தாலும் அதைக்கொண்டே நிமிரும். ஏறத்தாழ 7 முதல் 10 செ.மீ. வரை வளரக்கூடியது. நான்கடித் தொட்டிக்கு ஒன்று போதும். அதுவும் மணல் திறந்த வெளியாக இருக்கவேண்டும். கல்லை நெருக்கமாக அடுக்கி மணலையே மறைத்துவிட்டவர் இதனை வாங்குவதில் பொருளில்லை. இதன் உறவான இராணிச் சங்கு 30 செ.மீ. அளவுக்கு வளரும், சிறு குஞ்சாக இருக்கையில் கண்டு மயங்கலாகாது.

சங்கு என்றவுடன் நம் தூத்துக்குடிச் சங்கை நினைப்பவர் உண்டு. வழிபாட்டிலும் வளையல் தொழிலிலும் பெயர்பெற்ற நம் சங்கு புழுக்களைத் தின்று வாழும் ஊனுண்ணி. மணலைக் காக்க அது உதவாது. மணலின் புழுக்களைத் தின்றுவிடும்.

புழு என்று சொல்லும்போதே சிலர் முகம் சுளிப்பார்கள். பவளத் தொட்டியில் உடலின் இருபுறமும் நுண்மயிர் வரிசை கொண்ட கடற்புழுக்கள், கல்லோடு ஒட்டிக்கொண்டு தாமாகவே வந்து சேரும். இரவில் விளக்கடித்துப் பார்த்து, பூரான் புகுந்துவிட்டதென்று அலறித் தொட்டியையே கலைத்தவர்கள் உண்டு. வேண்டியதில்லை. வெறுங்கையால் தொட்டால் மயிர் தைத்து எரியும் என்பது மெய்தான். மற்றபடி, எந்த நத்தையும் நுழைய முடியாத இடுக்குகளில் அழுகும் உணவைத் தின்று தீர்ப்பவை அவையே. அவை பெருகினால், நாம் உணவை மிகுதியாக இடுகின்றோம் என்று அறிந்துகொள்ளலாம். பவளத்தைத் தின்னும் சில இனங்களும் உண்டு என்றாலும், தொட்டிகளில் காணப்படுபவை பெரும்பாலும் தீங்கற்றவையே. பணம் கொடுத்து வாங்காத, பெட்டியில் பெயர் எழுதாத இந்தப் பணியாளரும், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களுமே மணலின் உண்மையான காவலர். சார்லஸ் டார்வின் 1881-இல் மண்புழுக்களைப் பற்றித் தனி நூலே எழுதினார் அன்றோ? நம் உழவரும் மண்புழுவை நண்பன் என்பர். கடல் மணலிலும் அதே கதைதான்.

துறவி நண்டுகளைப் பற்றிச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். அவை எதையும் தின்னும், சுறுசுறுப்பானவை. ஆனால் வளர வளரப் பெரிய வெற்றுச் சங்கு தேவைப்படும்; கிடைக்காவிட்டால் உயிருள்ள நத்தையைக் கொன்று அதன் வீட்டில் குடியேறும். வெற்றுச் சங்குகள் சிலவற்றை உள்ளே இட்டு வைத்தால் இத்தொல்லை குறையும். அடியோடு ஒழியும் என்று சொல்வதற்கில்லை. குதிரைலாட நண்டின் குஞ்சு வேண்டவே வேண்டா. அது அரையடிக்கு மேல் வளர்ந்து மணலையெல்லாம் உழுது, இறுதியில் பட்டினியால் மடியும்.

மணலை வாயால் அள்ளிச் செவுள் வழியாகச் சலித்து உமிழும் கோபி மீன் ஒன்று உண்டு. மணலை வெண்பளிங்கு போல் ஆக்கிவிடும். பார்ப்பதற்கும் இனியது. ஆயினும் நட்சத்திர மீனுக்குக் கூறிய குறை இதற்கும் பொருந்தும். மணலில் இரை தீர்ந்தபின், நாம் இடும் உணவை ஏற்கப் பழகாத மீன் நாளுக்கு நாள் வயிறு ஒட்டிப்போகும். சலித்த மணலைப் பவளத்தின்மேல் தூவிவிடுவதும், மூடி இல்லாத தொட்டியிலிருந்து துள்ளி வெளியே விழுவதும் அதன் வழக்கம். வாங்குவோர், கடையிலேயே அது இட்ட உணவைத் தின்கிறதா என்று கண்ணால் கண்டபின் வாங்கவேண்டும்.

இப்போது கடல் அட்டைக்கு வருவோம். மன்னார் வளைகுடாக் கரையில் வாழும் நம் மக்களுக்கு இதனைப் பற்றிக் கூற வேண்டியதில்லை. வெள்ளை அட்டை, ராஜ அட்டை, நூல் அட்டை என்றெல்லாம் பெயரிட்டு, தலைமுறை தலைமுறையாகக் குளித்தெடுத்து, வேகவைத்து உலர்த்திச் சிங்கப்பூருக்கும் சீனத்திற்கும் ஏற்றுமதி செய்தவர்கள் நம்மவர். அட்டை என்றாலும் இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கும் இதற்கும் தொடர்பில்லை. நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் இது உறவு.

மணலைக் காப்பதில் இதற்கு நிகர் வேறில்லை. வாயைச் சூழ்ந்த சிறு கைகளால் மணலை அள்ளி விழுங்கி, அதில் ஒட்டிய மக்கிய பொருளைச் செரித்து, தூய மணலைப் பின்னால் வெளியிட்டுச் செல்லும். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் உள்ள ஹெரான் தீவில் ஆய்ந்தவர்கள், அந்த ஒரு திட்டில் மட்டும் கடல் அட்டைகள் ஆண்டுக்கு 64,000 டன்னுக்கு மேற்பட்ட மணலைப் புரட்டுகின்றன என்று 2021-இல் கணக்கிட்டு வெளியிட்டனர். கடலுக்கு இத்துணைப் பெரும்பணி செய்யும் உயிரை நம் தலைமுறை வகைதொகையின்றி வாரியெடுத்தது. வரத்துக் குறைந்தது. 2001-இல் இந்திய அரசு கடல் அட்டை இனங்கள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்து, பிடிப்பதையும் விற்பதையும் முற்றிலும் தடை செய்தது. அதனை நம்பி வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் பட்ட துன்பத்தை நாம் அறிவோம். தடையைத் தளர்த்தி, வளர்த்துப் பிடிக்க வழி செய்யவேண்டும் என்று அவர்கள் வேண்டி வந்ததிலும் நியாயம் உண்டு. தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1988-இல் வெள்ளை அட்டையின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உண்டாக்கிக் காட்டினார்கள் என்பதை எண்ணும்போது, அவ்வறிவு கடற்கரைக் குடிசைகளுக்குப் போதிய அளவு வந்து சேரவில்லையே என்னும் ஏக்கம் நமக்கு எழுகின்றது. ஆனால் அது வேறு கட்டுரைக்கு உரிய பொருள்.

தொட்டிக்கு அட்டை ஏற்றதா என்றால், இரண்டு தடைகள். ஒன்று, மேற்கூறிய பட்டினி. புதிய மணலில் மக்கிய பொருள் போதாது. உணவில்லாத அட்டை நாளடைவில் சுருங்கிச் சிறுத்துப்போகும். சுருங்குவது மிக மெதுவாக நிகழ்வதால் வீட்டுக்காரர் அதனை உணர்வதே இல்லை. மற்றொன்று, நஞ்சு. அட்டையின் உடலில் ஹோலோதுரின் என்னும் பொருள் உண்டு. அது சபோனின் வகையைச் சேர்ந்தது. நம் வீட்டுப் பூந்திக்கொட்டையில் நுரை தருவதும் அவ்வகைப் பொருளே. அட்டை நீரேற்றும் பொறியின் வாயில் சிக்கிச் சிதைந்தாலோ, எங்கோ ஒரு மூலையில் இறந்து அழுகினாலோ, அந்நஞ்சு கலந்து ஓரிரவில் தொட்டியின் மீன்கள் அனைத்தும் மடிந்த நிகழ்ச்சிகள் உண்டு. வண்ணப் பந்து போன்ற 'கடல் ஆப்பிள்' என்பதும் இக்குலமே. அது மணலைத் தொடுவதே இல்லை, நீரில் மிதக்கும் நுண்ணுணவையே உண்ணும். நஞ்சோ மிக மிகுதி. அதனை மணல் துப்புரவுக்கென்று எவரேனும் விற்றால் அக்கடைக்கு மறுமுறை செல்லவேண்டா.

எனவே, வெளிநாட்டில் இருப்போர், தொட்டி அமைத்து ஓராண்டேனும் ஆனபின், மணல் முதிர்ந்து, பொறியின் வாயெல்லாம் பஞ்சு கொண்டு மறைத்த பின்னரே, அந்நாட்டுச் சட்டம் இடந்தருமாயின், சிறிய அட்டை ஒன்றைப் பற்றி எண்ணலாம். இங்கே இருப்போர் எண்ணவும் கூடாது. நம் கடற்கரையில் நண்பர் ஒருவர் வலையில் சிக்கியது என்று கொடுத்தாலும் பெறலாகாது. உயிருள்ள பவளத்திற்கும் இதே சட்டம் உண்டு. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளத்திட்டுகளும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாகும். அங்கிருந்து ஒரு கல்லையும் எடுத்து வரலாகாது. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்திற்காகவும் அத்திட்டுகளை நாம் வெட்டியது போதும். அரணாயிருந்த திட்டு குறைந்ததால் தூத்துக்குடிக்கு அருகே தீவுகள் கடலுள் அமிழ்ந்ததைக் கண்முன் பார்த்தோமே.

பவளத்திட்டின் அழிவைக் கண்டு பிலிப்பீன்ஸ் நாட்டு ஆயர்கள் 1988-இல் ஒரு மேய்ப்புப்பணி மடல் எழுதினர். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில் அதனை எடுத்துக்காட்டியுள்ளார். தொட்டிகளுக்குச் செல்லும் வண்ண மீன்களுள் பெரும்பங்கு அந்நாட்டுக் கடலிலிருந்தே பிடிக்கப்படுவதால், அம்மடல் தொட்டி வைத்திருப்போருக்கும் உரியது என்றே நாம் கருதுகின்றோம். வளர்ப்பு உயிர்களின் தேவையை அறிந்திருப்பது நேர்மையாளரின் இயல்பு என்று நீதிமொழிகள் நூலும் 12-ஆம் அதிகாரத்தில் குறிப்பிடுகின்றது. அங்கே பேசப்படுவது ஆடுமாடுதான். ஆயினும் நாம் விலை கொடுத்து வாங்கி, வெளியேற வழியில்லாத கண்ணாடிக்குள் அடைத்த நத்தைக்கு அது பொருந்தாது என்று கூற நமக்குத் துணிவில்லை.

வாங்கும் முறையைப் பற்றியும் சில சொற்கள். தொட்டியை அமைத்தவுடன் எதையும் வாங்கலாகாது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் அற்றுப்போக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பின்னர் பாசியும் படிவும் கண்ணில் படத் தொடங்கியபின், சிறிது சிறிதாக வாங்கவேண்டும். ஏறத்தாழ 300 லிட்டர் கொள்ளும் நான்கடித் தொட்டிக்கு, ஐந்தாறு செரித் நத்தையும் மூன்று நான்கு நசாரியஸும் தொடக்கத்திற்குப் போதும். இரண்டு திங்கள் பொறுத்து, மணலில் இன்னும் உணவு மிஞ்சினால் மேலும் சிலவற்றைச் சேர்க்கலாம்; சங்கு ஒன்றையும் சேர்க்கலாம். நூறு நத்தைத் தொகுதி, இருநூறு நத்தைத் தொகுதி என்று மலிவாக விற்பதை வாங்கினால், முதல் திங்களில் தொட்டி பளிச்சிடும். அடுத்த திங்களில் இறந்த நத்தைகள் அழுகி, எந்த அழுக்கைப் போக்க வாங்கினோமோ அதனினும் பெரிய அழுக்கைத் தரும்.

மணலின் ஆழத்தையும் மனத்திற் கொள்ளவேண்டும். இரண்டு மூன்று செ.மீ. ஆழமே எளிய வீட்டுத் தொட்டிக்கு நல்லது. 10 செ.மீ. அளவுக்கு மேல் ஆழமாக இடுவோரும் உண்டு. அடியில் உயிர்வளி இல்லாத அடுக்கில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைக்கும் என்பதற்காக. அது நல்ல முறையே; ஆனால் அத்தகைய ஆழ்ந்த, பழைய படுக்கையைக் கையாலோ கரண்டியாலோ ஒரே நாளில் கிளறிவிட்டால் அழுகிய முட்டை நாற்றமுடைய நச்சுவளி வெளிப்பட்டு உயிர்களைக் கொல்லும். மேலடுக்கைச் சிறு உயிர்கள் கிளறட்டும், அடியை விட்டுவிடுக.

புதிய உயிரைக் கொண்டு வந்தவுடன் பையோடு கவிழ்க்கலாகாது. நத்தையும் சங்கும் நீரின் உப்பளவு சிறிது மாறினாலும் தாங்கா. பையின் நீரில் நம் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரமேனும் விட்டுப் பழக்கியபின், உயிரை மட்டும் எடுத்து மணலின்மேல் நிமிர்த்தி வைக்கவேண்டும். மீன் நோய்க்கென்று செம்புச் சத்துள்ள மருந்தை அத்தொட்டியில் ஒருபோதும் ஊற்றலாகாது. மீனைக் காக்கும் அம்மருந்து நத்தையையும் பவளத்தையும் கொல்லும்.

இவற்றையெல்லாம் அன்று அவ்வில்லத்தில் இருந்து பேசினோம். எஞ்சியிருந்த அட்டையை என்ன செய்வதென்று இளைஞர் கேட்டார். தொட்டி அமைத்து எட்டுத் திங்களே ஆகியிருந்தது. கடைக்காரர் திரும்பப் பெற்றுக்கொள்வாரா என்று கேட்டுப் பார்க்கும்படியும், பெற்றுக்கொள்ளாவிட்டால் பழைய, பெரிய தொட்டி உடைய நண்பர் எவருக்கேனும் கொடுத்துவிடும்படியும், எக்காரணங்கொண்டும் கடலில் விட வேண்டா என்றும் கூறினோம். வேற்றுக் கடலின் உயிரை இன்னொரு கடலில் விடுவது உதவியன்று. நோயைக் கொண்டு சேர்ப்பதாகவும் முடியும்.

சென்ற வாரம் அவரிடமிருந்து செய்தி வந்தது. அட்டை ஒரு நண்பரின் ஆறடித் தொட்டிக்குச் சென்றுவிட்டதாம். இவர் தொட்டியில் செரித் ஆறு, நசாரியஸ் நான்கு. மணல் முன்போல் வெண்மையாக இல்லையாம். ஓரங்களில் சிறிது பசுமை படர்ந்திருக்கின்றதாம். இரவில் விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துக் கைவிளக்கால் பார்த்தபோது, கண்ணாடியை ஒட்டிய மணலில் நூல் போன்ற சிறு புழுக்கள் அசைவதைக் கண்டு, படமெடுத்துத் தாயாருக்கு அனுப்பியிருக்கின்றார். அம்மையார் அதனைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இப்பம்தான்யா இது கடல் மணல் மாதிரி இருக்கு" என்று விடை அனுப்பினாராம்.